சலவைக்கூடத்துக்கு ஒரு பக்கம்

சிங்கப்பூர்
14.1.1979

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உர்சுலா வணக்கத்துடன் எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. பனிக்காலத்தில் உங்களுக்கு இழுப்பு வருமே, இந்த வருஷம் எப்படி?

கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு அனுப்புவதோடு சரி, இப்படி நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. போன ஆண்டு பி.ஏ. முடித்தேன். இப்போது அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை. நாங்கள் ஃபேரர் பார்க்கில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறோம்.

ஒரு உதவி வேண்டும். கான்வென்டுக்கு இது எழுபத்தைந்தாம் ஆண்டு. செப்டம்பரில் ஒரு மலர் போடுகிறார்கள். மலருக்கு ஆசிரியர் மிஸஸ் இராசமலர் கந்தப்பு. யாழ்ப்பாணத்துக்காரர். எனக்கு ஆறாம் வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். சலவைக்கூடத்தைப் பற்றி ஒரு பக்கம் என்னை எழுதச் சொல்லியிருக்கிறார். அம்மா அங்கே இருபத்தாறு வருஷம் துணி துவைத்தார். நீங்கள் பத்து வருஷம். உங்கள் இருவரையும் விட்டுவிட்டு அந்தப் பக்கத்தை எழுத முடியாது.

உங்கள் கை போனதைப் பற்றியும் எழுத நினைக்கிறேன். எனக்கு அப்போது ஐந்து வயது. உங்கள் வலது கை எப்படி இருந்தது என்று ஞாபகமே இல்லை. இடது கையால் சோறு ஊட்டியதுதான் நினைவிருக்கிறது. அம்மாவைக் கேட்டால், “சொல்பேச்சு கேக்காம ஓடுற ரோலர்ல கைய விட்டா, அவ்ளோதான் லா,” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார். நடந்தது அதுதானா, பெரியம்மா?

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
உர்சுலா


நாகப்பட்டினம்
9.2.1979

அன்பு உர்சுலா பாப்பாவுக்கு,

பெரியம்மா அல்போன்சம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இடது கை எழுத்து, பொறுமையாகப் படி. இழுப்பு பரவாயில்லை. தம்பி வீட்டில் எல்லோரும் சுகம். ஒன்பதாவது மாடி என்று எழுதியிருக்கிறாய். முழங்கால் வலிக்காரி எப்படி ஏறுகிறாள்? லிஃப்ட் உண்டா?

சலவைக்கூடம் பற்றிக் கேட்டாய். திங்கள் வெள்ளைத்துணி. செவ்வாய் போர்டிங் பிள்ளைகளின் படுக்கை விரிப்பு, நூற்றுப் பத்துக்குக் குறையாது. புதன் சிஸ்டர்மாரின் உடுப்பு. வியாழன் கோயில் பீடத் துணி, அதை மட்டும் தனித் தொட்டியில் அலசவேண்டும். அலசின தண்ணீரைச் சாக்கடையில் விடக்கூடாது, செடிக்கு ஊற்றவேண்டும். சனிக்கிழமை ரோலர். இரண்டு உருளைக்கு நடுவே ஈர விரிப்பை ஒருத்தி இந்தப் பக்கம் விடுவாள், மறுபக்கம் இன்னொருத்தி வாங்குவாள். சூட்டில் முகம் வெந்துபோகும். நீலம் கலக்குவதில் உன் அம்மா கெட்டிக்காரி, ஒரு சொட்டு கூடாது குறையாது.

சிஸ்டர் பிரிஜித் என்று ஒரு வெள்ளைக்கார சிஸ்டர் எங்களோடு கூட நின்று துவைக்கும். நல்ல மனுஷி. இருக்கிறதா என்று விசாரி.

வேறு ஒன்றும் எனக்கு ஞாபகம் இல்லை.

பெரியம்மா


சிங்கப்பூர்
4.3.1979

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சுகம் அறிந்து சந்தோஷம். லிஃப்ட் உண்டு, ஆனால் அது எங்கள் மாடியில் நிற்காது. அம்மா எட்டில் இறங்கி ஒரு மாடி ஏறுகிறார்.

பதினேழு வருஷத்துக்கு முந்தைய கிழமைக் கணக்கெல்லாம் நினைவு வைத்திருக்கிறீர்கள். நான் கேட்ட ஒன்றை மட்டும் ஞாபகம் இல்லை என்கிறீர்கள். பரவாயில்லை.

சிஸ்டர் பிரிஜித்தைப் பார்த்தேன். எழுபத்து மூன்று வயது. வேறு கான்வென்டில் இருந்துவிட்டு வயதானபின் இங்கே திரும்பியிருக்கிறார். கான்வென்டின் பின்கட்டில் ஒரு அறை, சக்கர நாற்காலி. அந்தோனியம்மாள் மகள் என்றதும், “வா வா, உக்காரு, கஞ்சி போட்டாச்சா?” என்றார். சலவைக்கூடத்தில் நீங்கள் எல்லோரும் பேசிய தமிழ் அப்படியே இருக்கிறது.

அவர் கதையைக் கேட்டதிலிருந்து எனக்கு ஆத்திரமாக வருகிறது. அயர்லாந்தில் மேற்குப் பக்கம் ஒரு கூலிக்காரர் வீட்டில் பதினொரு பிள்ளைகளில் ஏழாவது. பாட்டி, அம்மா, அக்காமார் எல்லோருமே யார் வீட்டிலோ பாத்திரம் தேய்த்தவர்கள். ஒரு அக்கா அமெரிக்காவில் பணக்கார வீட்டு மாடிப்படி துடைத்தே செத்துப்போனாராம். இவர் பத்தொன்பது வயதில் கப்பலேறியபோது, இங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்று நினைத்திருக்கிறார். வந்திறங்கிய மறுநாள் கையில் சவுக்காரத்தைக் கொடுத்தார்களாம். ஏனென்றால் மடத்தில் சேருவதற்கும் வரதட்சணை உண்டாம், பெரியம்மா. பணம் கொண்டுவந்த வீட்டுப் பெண்கள் ஆசிரியைகள். கொண்டுவராதவர்கள் சமையலும் சலவையும். சாப்பிடத் தனி மேசை, கோயிலில் பின்வரிசை. கர்த்தருக்கு மணவாட்டியாகப் போகிறவளிடமும் சீர் கேட்டிருக்கிறார்கள்.

பிறகு உங்கள் கையைப் பற்றிக் கேட்டேன். “ரோலருக்கு முன்னாலே ஒரு கட்டை இருக்கும். கை உள்ளே போகாது. அதை எடுக்கச் சொன்னாங்க. நான் வேணாம் சொன்னேன்,” என்றார். யார் எடுக்கச் சொன்னது என்று கேட்டேன். “உங்க அம்மா அங்கேதானே நின்னுச்சு, கேளு,” என்று நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

அம்மாவிடம் நான் இன்னும் கேட்கவில்லை. உங்களைத்தான் முதலில் கேட்கிறேன்.

அன்புடன்,
உர்சுலா


சிங்கப்பூர்
22.4.1979

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்களுக்கு ஈஸ்டர் வாழ்த்து. உடம்பு சுகம்தானே? ஏழு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால் தவறியதா, கோபமா தெரியவில்லை.

இருந்தாலும் எழுதுகிறேன். சிஸ்டர் சொன்ன கட்டை விஷயத்தையும் சேர்த்து என் பக்கத்தை மிஸஸ் கந்தப்புவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார்.

“பிள்ளை, உதெல்லாம் இப்ப ஏன்? கொண்டாட்ட நேரத்தில ஆரும் கைபோன கதை வாசிப்பினமே?”

“நடந்ததைத்தானே எழுதியிருக்கிறேன், டீச்சர்.”

“நடந்ததெண்டு ஆர் சொன்னது? மதர் அப்பவே விசாரிச்சு எழுதி வைச்சிருக்கிறா. தொழிலாளியின்ர கவனக்குறைவு எண்டு இருக்கு. சாட்சி சொன்னதே உம்மட அம்மாதான். உமக்குத் தெரியாதே?”

எனக்குத் தெரியாது. அவரே தொடர்ந்தார்:

“இன்னொண்டும் சொல்லுறன், கோவிக்காதையும். படிச்சு மேலுக்கு வந்திட்டீர். அம்மா உடுப்புத் தோய்ச்சவ எண்டு அச்சடிச்சு ஊருக்குக் குடுக்க வேணுமே?”

எப்போதும்போல சரி டீச்சர் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பெரியம்மா, அம்மா என்ன சாட்சி சொன்னார்? நீங்கள் சொன்னால்தான் நம்புவேன்.

உர்சுலா


நாகப்பட்டினம்
11.5.1979

உர்சுலாவுக்கு,

சுகம். உன் சுகம் அறிய ஆவல்.

தபால் தவறவில்லை. இரண்டு கடிதமும் வந்தது. எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். சாட்சி என்று எழுதியிருந்தாயே, அந்த வார்த்தையைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கேட்டுக்கொள்.

அறுபத்தோராம் வருஷம் டிசம்பர் ஆறாம் தேதி. எட்டாம் தேதி அமல உற்பவத் திருநாள், பிஷப் வருகிறார். தடித்த மேசைத்துணி அறுபது இருந்தது. கட்டை இருந்தால் தடித்த துணி நின்று நின்றுதான் போகும். அப்போதிருந்த மதர் வந்து, கட்டையைக் கழற்று, சாயங்காலத்துக்குள் முடியவேண்டும் என்றது. பிரிஜித் சிஸ்டர் குறுக்கே நின்றது. நீ சமையற்கட்டுக்குப் போ என்று அதை அனுப்பிவிட்டார்கள். நான் துணியை விட்டேன், உன் அம்மா மறுபக்கம் வாங்கினாள். நாற்பதாவது துணியோ என்னவோ, ஓரம் மடங்கியிருந்தது. நீவிவிட்டேன். விரல் போயிற்று, கை போயிற்று. அந்தோனி போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் கத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்கு நடந்ததைச் சொன்னேன். அரசாங்க ஆபீசர் விசாரிக்க வருவார் என்றார்கள். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், சிஸ்டர்மார் விருந்தாளிகளை உட்கார வைக்கிற பெரிய அறைக்கு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். நான் வெளியே பெஞ்சில். கதவு திறந்துதான் இருந்தது. மதர் கேட்டது: உன் மகளை ஜனவரியில் எங்கள் பள்ளியில் சேர்க்கலாம் என்று இருக்கிறோம், உனக்குச் சம்மதமா? சம்மதம் என்றாள். அடுத்த கேள்வி: உன் அக்கா அன்றைக்கு வேலை நேரத்தில் தூங்கி விழுந்தாளா? ஆமாம் என்றாள். சிலுவையைத் தொட்டுச் சொல் என்றார்கள். தொட்டுச் சொன்னாள்.

நான் தூங்கவில்லை. பத்து வருஷத்தில் ஒரு நாள்கூட நான் வேலையில் கண் அசந்தது கிடையாது.

மார்ச் மாதம் ஒரு கப்பல் டிக்கெட்டும் ஜெபமாலையும் கையில் கொடுத்தார்கள். பிரிஜித் சிஸ்டர் ஆபீசரிடம் பேசப்போவதாகச் சொன்னதற்காக அதையும் வடக்கே வேறு கான்வென்டுக்கு மாற்றிவிட்டார்கள். கப்பலடிக்கு உன் அம்மா வந்தாள். நீ அவள் இடுப்பில், புது யூனிஃபார்மில். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நீ கேட்டாய், சொல்லிவிட்டேன்.

அல்போன்சம்மாள்


சிங்கப்பூர்
3.6.1979

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன், நலமா?

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக்காட்டினேன். எழுந்து போகவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். முடிந்ததும் நான், “இது பொய்யாம்மா?” என்றேன்.

“இல்ல.”

“அப்ப ஏம்மா சொன்னீங்க?”

“சொல்லாட்டி ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிருப்பாங்க. உங்கப்பா நெஞ்சு நோவுல படுத்துக் கெடந்தாரு. என்னா செய்யச் சொல்ற? அக்காவோட சேந்து நானும் கப்பல்ல ஏறணுமா? உன்னைய நாகப்பட்டணத்துல எந்த இங்கிலீஷ் ஸ்கூல்ல போடுவேன்?”

“சிலுவையத் தொட்டு...”

“தொட்டேன். எல்லாத்தையும் நாந்தான் தொட்டேன். நீ எதையாச்சும் தொட்டியா? பரிச்சை பேப்பரத் தவிர?” கீரைத்தட்டைத் தள்ளிவிட்டார். “பட்டம் வாங்கறப்ப கறுப்பு கவுன் போட்டியே, அது உங்க பெரியம்மா கை. இப்பத் தெரிஞ்சிருச்சில்ல. போ, போயி எழுது. எழுதத்தானே படிக்க வெச்சேன்.”

அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் பேச்சு இல்லை. காலையில் என் சட்டையை மட்டும் இஸ்திரி போட்டுக் கட்டிலில் வைத்துவிடுகிறார். அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. எல்லோர்மேலும் வருகிறது, என்மேலும்.

அம்மாவை மன்னிப்பீர்களா, பெரியம்மா?

உர்சுலா


நாகப்பட்டினம்
29.6.1979

உர்சுலாவுக்கு,

சுகம். வெயில்தான் தாங்கவில்லை.

மன்னிப்பீர்களா என்று நீ கேட்கிறாய். அவள் கேட்டாளா? உன்னை எழுதச் சொன்னாளா? இல்லை. அவள் கேட்காததை நீ கேட்டு, நான் கொடுத்து, நீ வாங்கிக்கொண்டு போய் அவளுக்குக் கொடுப்பாயா? அப்படி ஒரு வேலை எனக்கு வேண்டாம்.

எனக்கு என்ன வேண்டும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை, நீயும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். உன் மலரில் என் பெயர் வேண்டாம். நாலு பேர் படித்துவிட்டு ஐயோ பாவம் என்பார்கள், அது எனக்கு எதற்கு? அவள் எந்த அறையில் நின்று சொன்னாளோ அந்த அறையிலேயே நின்று, எங்க அக்கா தூங்கவில்லை என்று சொல்லட்டும். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

அவள் சொல்லமாட்டாள். எனக்குத் தெரியும்.

அல்போன்சம்மாள்


சிங்கப்பூர்
22.7.1979

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நாங்கள் சுகம்.

மலரின் அச்சுப்படி வந்தது. என் பக்கத்தில் என் பெயர் மட்டும்தான் என்னுடையது. “சலவைக்கூடத்தில் புன்னகையோடு உழைத்த நம் அன்பு உதவியாளர்கள்” என்று மிஸஸ் கந்தப்பு எழுதியிருக்கிறார். புன்னகையாம். பெயரை எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். பக்கத்தையே எடுத்துவிட்டார்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துக்காட்டினேன். “அவள் சொல்லமாட்டாள். எனக்குத் தெரியும்” என்ற வரி வந்தபோது அம்மா, “இன்னொரு தடவ படி,” என்றார். படித்தேன். பிறகு விளக்கை அணைத்துப் படுத்துவிட்டார்.

உர்சுலா


சிங்கப்பூர்
9.9.1979

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள்.

நேற்று கான்வென்டில் விழா. போகக்கூடாது என்று இருந்தேன். காலையில் பார்த்தால் அம்மா வெள்ளைப் புடவை கட்டி, கொண்டை போட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

“கெளம்பு லா. பஸ்ஸு போயிரும்.”

பூசை முடிந்து அந்தப் பெரிய அறையில் தேநீர். பழைய மாணவிகள், ஒரு ஃபாதர், இப்போதைய மதர். பின்னால் சுவரோரம் சிஸ்டர் பிரிஜித் நாற்காலியில். அம்மா யாரையும் பார்க்காமல் நேரே மதரிடம் போனார். சுவரில் மாட்டியிருந்த சிலுவைக்குக் கீழே நின்றார். எல்லோருக்கும் கேட்கிற குரலில் தமிழில் சொன்னார்:

“அறுவத்தோராம் வருசம் இந்த ரூம்ல நான் பொய் சொன்னேன். எங்க அக்கா அல்போன்சு தூங்கல. கட்டைய எடுக்கச் சொன்னது மதரு. எம்புள்ள படிப்புக்காக நான் பொய் சொன்னேன்.”

இப்போதைய மதருக்குத் தமிழ் தெரியாது. சிரித்த முகத்தோடு மிஸஸ் கந்தப்புவைப் பார்த்தார். மிஸஸ் கந்தப்பு ஆங்கிலத்தில், “இந்த வீட்டில் வேலை செய்த நாட்களை நன்றியோடு நினைக்கிறாராம், மதர். இங்கே வந்ததில் மிகவும் சந்தோஷமாம்,” என்றார்.

மதர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். நாலைந்து பேர் கை தட்டினார்கள். அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். என்ன சொல்லிக் கைதட்டுகிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை.

பெரியம்மா, வகுப்பில் பெயர் கூப்பிட்டாலே எனக்கு வியர்க்கும். எப்படி நடந்து முன்னால் போனேன் என்று தெரியவில்லை. “அவர் அப்படிச் சொல்லவில்லை,” என்றேன். முதல் தடவை யார் காதிலும் விழவில்லை. மறுபடி சொன்னேன். பிறகு அம்மா சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலத்தில் சொன்னேன். உங்கள் முழுப்பெயரைச் சொன்னேன். டிசம்பர் ஆறாம் தேதி என்றேன். பள்ளியில் இடம் கிடைத்தது எனக்குத்தான் என்றும் சொன்னேன்.

மிஸஸ் கந்தப்பு என் கையைப் பிடித்து இழுத்தார். “போதும் பிள்ளை. மானத்தை வாங்காதையும்.”

“யாருடைய மானம், டீச்சர்?” என்று கேட்டேன்.

பின்னாலிருந்து சிஸ்டர் பிரிஜித், “அந்தோனி சொல்றது நெசம். நான் வேணாம் சொன்னேன்,” என்று தமிழில் சொல்லிவிட்டு, அதையே ஆங்கிலத்திலும் சொன்னார். மதரின் முகம் வெளுத்துப்போனது. இது பழைய காலத்து விஷயம், பிறகு அலுவலகத்தில் பேசிக்கொள்ளலாம், தேநீர் ஆறிவிடும் என்றார். ஃபாதர் கேக்கை வெட்டப் போனார். எங்களுக்கு யாரும் நாற்காலி போடவில்லை. வந்துவிட்டோம்.

சிராங்கூன் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மா கேட்டார்.

“தூங்கலன்னு சொன்னியா?”

“சொன்னேம்மா.”

“கட்டைய?”

“அதையும்.”

“அந்தப் பொம்பள என்னா சொல்லிச்சு மொதல்ல?”

சொன்னேன். “சந்தோசமா?” என்றார். பிறகு வீடு வரும்வரை அந்தம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு என்னிடம் இவ்வளவு பேசியது அன்றுதான்.

அன்புடன்,
உர்சுலா


நாகப்பட்டினம்
5.10.1979

உர்சுலாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மழை தொடங்கிவிட்டது. இழுப்பும் தொடங்கிவிட்டது, பெரிதாக இல்லை.

கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன். பிரிஜித் சிஸ்டரை நான் விசாரித்ததாகச் சொல். அது அன்றைக்கும் சொல்லிற்று, இன்றைக்கும் சொல்லிற்று.

இனி எழுதுவது உன் அம்மாவுக்கு. படித்துக்காட்டு.

அந்தோனி, நீ சொன்னதை உர்சுலா எழுதியிருந்தாள். நல்லது. இத்தனை வருஷம் எதற்கடி எடுத்துக்கொண்டாய்? எனக்கு ஒரு கையால் தலை பின்ன வராது, தெரியுமா உனக்கு? தம்பி பெண்டாட்டி பின்னிவிடுவாள், அவள் ஊருக்குப் போனால் மொட்டையடித்தவள் மாதிரி முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பேன். இதையெல்லாம் தாளில் திட்ட முடியவில்லை, கை வலிக்கிறது. பொங்கல் கழித்துக் கப்பலேறி வா. முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லாதே. நேரில் உட்காரவைத்துத் திட்டவேண்டியது நிறைய இருக்கிறது.

உர்சுலா, அவளை மன்னித்துவிட்டேன் என்று நான் எழுதவில்லை. எழுதியதாக அவளிடம் சொல்லிவிடாதே. எழுதினதை எழுதினபடியே படி.

அல்போன்சம்மாள்